சைலன்சரை அறுக்கும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியாச்சு சார், இனி இதை வைத்து என்ன செய்வது?" பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், பிள்ளைகளின் புராஜக்டுக்கு உதவும், கரண்ட் பில் கட்டலாம் என்று வழக்கமான பட்டியலைச் சொல்லி அனுப்பிவிடுவேன். சில மாதங்களாக அந்தப் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டிச் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நல்ல காது. அதை வைத்து ஒரு பழைய காரின் வியாதியைக்கூடக் கண்டுபிடிக்கலாம்.

என்ன, நம்ப முடியவில்லையா? அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரிடம் 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ராஜேந்திர பிரசாத் ரோடு வரை ஒரு சுற்று போய் வருவார். ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வண்டி சத்தம் சரியில்லை. மெக்கானிக் சைலன்சர் போயிடுச்சுங்கிறார். பேரன் அதை எடுத்துட்டு ஃப்ரீ ஃப்ளோ போடலாம், ரேஸ் கார் மாதிரி இருக்கும்ங்கிறான். எனக்கு ரெண்டிலும் மனசு இல்லை. உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது பார்க்க முடியுமா?"

பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது. நான் மெக்கானிக் இல்லை. கம்ப்யூட்டரைப் பற்றி ஓரளவு தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கார் ஏன் முக்கியம்?

குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டி நான்காவது ஸ்டேஷன் வண்டலூர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் மிருகக்காட்சி சாலைதான் ஞாபகம் வரும். ஆனால் ஒரு காலத்தில் அங்கே கார் தயாரித்தார்கள். 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1961-ல் அங்கிருந்து ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் 1959-ல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு இது. வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். அதற்குப் பிறகு 1972-ல் கஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980-களின் இறுதியில் உற்பத்தியே நின்றுபோனது.

தொழிற்சாலை போன பிறகு ஒரிஜினல் உதிரிபாகங்களுக்கு எங்கே போவது? இன்று ஓடும் ஹெரால்டுகள் பலவற்றில் இருப்பது ஏதோ ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டிய சைலன்சர்தான். காரின் உடம்பு ஒரிஜினல், பெயின்ட் ஒரிஜினல் கலர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அதன் சத்தம் ஒரிஜினலா என்று யாரும் கேட்பதில்லை. பம்பரைப் போட்டோ பார்த்துச் செய்துவிடலாம். சத்தத்தை எதைப் பார்த்துச் செய்வது? அது கேட்டவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

முதல் முயற்சி தோல்வி

முதலில் மொபைல் போனை எடுத்துப் போய் வண்டியின் பின்னால் நீட்டி ரெக்கார்டு செய்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது. காரணம் எளிமையானது. போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டர் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. பின்னணி இரைச்சலைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தையே வெட்டிவிடும். சத்தம் கூடினால் தானாகக் குறைக்கும், குறைந்தால் தானாகக் கூட்டும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் மேலும் சுருக்கிவிடும். ஆகவே போன் ரெக்கார்டிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இரண்டாவது முறை லேப்டாப்பையே எடுத்துப் போனேன். நீங்களும் செய்து பார்க்க வசதியாக வரிசையாகச் சொல்கிறேன்.

1. நீளமான ஒயர் உள்ள சாதாரண யு.எஸ்.பி. மைக் ஒன்று போதும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள்.

2. ஆடாசிட்டி என்ற சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்யுங்கள். முற்றிலும் இலவசம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனி, ரோஜர் டானன்பெர்க் என்ற இருவர் தொடங்கியது. 2000-ல் வெளியானது. பழைய கம்ப்யூட்டரிலும் நன்றாக ஓடும்.

3. மைக்கைப் புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி பக்கவாட்டில், குழாயின் உயரத்திலேயே வையுங்கள். நிற்கும் வாகனத்தின் சத்தத்தை அளப்பதற்கான சர்வதேச முறை இதுதான். நேர் பின்னால் வைத்தால் புகைக்காற்று மைக்கில் மோதி எல்லாம் கெட்டுவிடும்.

4. மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று செட் செய்யுங்கள். ரெக்கார்டு ஆகும்போது மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் மைக் அளவைக் குறையுங்கள்.

5. பைலை எம்.பி.3 ஆக்க வேண்டாம். வேவ் பைலாகவே சேமியுங்கள். ஒரு நிமிடத்துக்கு 5 எம்.பி. இடம்தான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மைக் ஒயர் சூடான குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மீனம்பாக்கம் விமானங்களும் ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலும் எப்போதும் உண்டு. அதனால் காலை ஆறு மணிக்குச் செய்தோம்.

படத்தில் தெரிந்தது என்ன?

ரெக்கார்டு செய்ததும் ஸ்கிரீனில் நீல நிறத்தில் ஒரு அலை தெரியும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு 1 என்ற கீயைச் சில முறை தட்டுங்கள். அலை விரியும். ஒரு விநாடி மட்டும் ஸ்கிரீன் முழுக்கத் தெரியும்படி செய்யுங்கள். இப்போது சிறு சிறு மேடுகள் வரிசையாக இருப்பது தெரியும். ஒவ்வொரு மேடும் ஒரு சிலிண்டர் வெடித்து வெளியே தள்ளிய புகையின் அடி.

ஒரு சின்னக் கணக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆகவே ஒரு விநாடியில் உள்ள மேடுகளை எண்ணி 30-ஆல் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று வந்துவிடும். மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 40-ஆல் பெருக்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் புல்லட்டுக்கு 120-ஆல். டூ ஸ்ட்ரோக்கான பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு 60-ஆல். தனியாக ஆர்.பி.எம். மீட்டர் வாங்கவே வேண்டாம்.

ஹெரால்டில் எண்ணினேன். விநாடிக்கு 27 மேடு. அப்படியானால் 810 சுற்று. சும்மா நிற்கும் வண்டிக்குச் சரியான அளவுதான். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. மேடுகள் ஒரே உயரத்தில் இல்லை. மூன்று பெரியது, ஒன்று குட்டை. மீண்டும் மூன்று பெரியது, ஒன்று குட்டை. கடைசி வரை இப்படியே.

சைலன்சர் ஓட்டையாக இருந்தால் எல்லா அடியும் சேர்ந்துதான் கெட வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் எப்படிக் குட்டையாகும்? ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?

லேப்டாப்போடு மெக்கானிக்கிடம் போனோம். அவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பேசவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, காப்பு உறை போட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறியது. மூன்றாவதிலும் நான்காவதிலும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. ஏற்கனவே செத்துக் கிடந்த சிலிண்டர் அது. ஒயரின் முனை கரிந்துபோயிருந்தது. பிளக்கிலும் கரி. புது ஒயர், புது பிளக் போட்டார். ஆன செலவு, புது சைலன்சர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மறுபடி ரெக்கார்டு செய்தோம். நான்கு மேடும் சமம். காதுக்கும் அந்த 'பட்... பட்' தடுமாற்றம் போய்விட்டது. "இதைத்தான் தம்பி சொன்னேன்" என்றார் சார்.

இந்த இடத்தில் மெக்கானிக்குக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். நான்கில் ஒன்று சரியில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியது. எது, ஏன் என்று கண்டுபிடித்தது அவருடைய கைதான். நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்கும் மெக்கானிக்குகளின் அனுபவத்துக்கு எந்தச் சாப்ட்வேரும் மாற்று இல்லை. கம்ப்யூட்டர் அவரோடு பேசுவதற்கு நமக்கு ஒரு ஆதாரம் தருகிறது. "ஏதோ மாதிரி இருக்கு" என்று இழுப்பதைவிட, "நான்கில் ஒரு அடி குறைகிறது" என்று சொல்வது இருவருக்கும் நல்லது.

பேரனின் கட்சி

கதை இதோடு முடியவில்லை. சைலன்சரும் உண்மையிலேயே துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்திருந்தது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. வாரம் ஒரு முறை சிறிது தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் சைலன்சருக்குள்ளேயே தங்கி அரித்துவிடும். ஆக எப்படியும் மாற்றத்தான் வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டை.

பேரன் சொன்னதையும் நியாயமாக எடுத்து வைக்கிறேன். "இது நம்ம வண்டி. பழைய காருக்கு ஒரு கெத்து வேணும். இப்ப இருக்கிற கார் மாதிரி சத்தமே இல்லாம இருந்தா யாரு திரும்பிப் பார்ப்பாங்க? ஃப்ரீ ஃப்ளோ போட்டா பவரும் கூடும்." பாதி விஷயத்தில் அவன் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். பழைய காருக்கு அதன் குரல் வேண்டும். புல்லட்டைப் பாருங்கள். 1950-களின் நடுவில் தொடங்கி நம் திருவொற்றியூரில் தயாரான வண்டி. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய்ப் புது எஞ்சின் வந்தபோது அந்த 'டுக் டுக்' போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்! அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் எஞ்சின் சத்தத்தையே டிரேட்மார்க் செய்ய 1994-ல் விண்ணப்பித்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2000-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காரில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே கேட்கச் செய்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு குரலைத் தேடுகிறது உலகம். ஹெரால்டுக்கு அது ஏற்கனவே இருக்கிறது.

ஆனால் மீதிப் பாதியில் நான் பேரனோடு ஒத்துப்போகவில்லை. என் காரணங்கள் மூன்று.

முதலாவது, எந்தச் சைலன்சரும் நான்கு சிலிண்டரை எட்டு ஆக்காது. இதற்கு வண்டலூரிலேயே சாட்சி உண்டு. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. ரோவரில் 3,528 சி.சி. வி8 எஞ்சின் வந்தது. நம் ஊரில் அதே உடம்புக்குள் பழைய வான்கார்டு காரின் நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் இருந்தது. 3,000 சுற்றில் வி8 விநாடிக்கு 200 முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் 100 முறைதான். குழாயைத் திறந்துவிட்டால் இந்த 100 சத்தமாகக் கேட்கும். 200 ஆகாது.

இரண்டாவது, பவர். குழாயின் தடையைக் கணக்கில் வைத்துத்தான் கார்புரேட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் பெட்ரோல், காற்று கலவை மாறும். 948 சி.சி. எஞ்சினில் அதனால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டுமே.

மூன்றாவது, தெரு. எங்கள் தெரு இருபது அடி அகலம். இரண்டு பக்கமும் வீடு. சார் வீட்டுக்கு எதிர் மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். தாழ்ந்த சத்தம் சுவரையும் ஜன்னலையும் எளிதில் ஊடுருவும். கதவைச் சாத்தினாலும் போகாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வாகனத்துக்கும் சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. சத்தக் கட்டுப்பாட்டை மீறி ஓட்டினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

சட்டம் இருக்கட்டும். பாட்டி தூங்க வேண்டும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கேசட் சொன்ன தீர்ப்பு

சரி, ஒரிஜினல் சத்தம் எப்படித்தான் இருந்தது? சாருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஞாபகத்தைப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்ட முடியாது. அப்போது சாரின் மனைவி ஒன்று சொன்னார். மகள் சின்ன வயதில் பாடியதை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார்கள். அதன் கடைசியில், அப்பா ஆபீஸுக்குக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தமும் விழுந்திருக்கும் என்றார். 1982-ல் பதிவு செய்த கேசட். பீரோவில் துணிக்கடியில் இருந்தது.

கேசட் பிளேயரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரை, லைன் இன் வசதி உள்ள சிறிய யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வழியாக லேப்டாப்பில் செருகினேன். பிளேயரின் வால்யூமைக் குறைவாக வைத்துப் பிளே செய்தேன். பழைய கேசட் அறுந்துவிடலாம். ஆகவே முதல் தடவை ஓட்டும்போதே ரெக்கார்டு செய்துவிட வேண்டும். "இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்பது கேசட் விஷயத்தில் ஆபத்து.

ஒரு ஆறு வயதுக் குழந்தை பாடுகிறது. நடுவில் வெட்கப்பட்டுச் சிரிக்கிறது. வெளியே கதவு சாத்தும் சத்தம். எஞ்சின் உறுமி, அடங்கி, சீராக ஓடுகிறது. குழந்தை பாட்டை நிறுத்தவே இல்லை. வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. பிறகு வண்டி கிளம்பிப் போய்விடுகிறது.

பேரன் பேசவே இல்லை. பாடியது அவனுடைய அம்மா.

கம்ப்யூட்டர்காரனாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கேசட்டை முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. டேப் ஓடும் வேகம் முன்பின் இருந்தால் சத்தத்தின் சுருதியே மாறும். அந்தக் காலச் சின்ன டேப் ரெக்கார்டர் மைக் தாழ்ந்த சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. குழந்தை மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது, வண்டி வெளியே. ஆனாலும் இரண்டு விஷயம் உறுதி. நான்கு அடியும் சமமாக விழுந்தன. குழந்தையின் பாட்டை அமுக்கும் அளவுக்கு அந்த வண்டி கத்தவில்லை.

எப்படி ட்யூன் செய்தோம்?

சைலன்சர் சத்தத்தை இரண்டு விதமாகக் குறைக்கிறது. உள்ளே அறை அறையாகப் பிரித்திருப்பது ஒன்று. குழாயிலிருந்து அகலமான அறைக்குள் வரும் சத்த அலை மோதித் திரும்பித் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். இது தாழ்ந்த சத்தத்துக்கு. ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி கிளாஸ் உல் அடைத்திருப்பது இன்னொன்று. இது கீச்சென்ற உயர்ந்த சத்தத்துக்கு. 350 டிகிரி சூட்டில் சத்தம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் போகும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலையே 5 மீட்டர் நீளம்! கைக்கு அடக்கமான அலங்கார சைலன்சர் தாழ்ந்த சத்தத்தை ஏன் அடக்குவதில்லை என்பது இப்போது புரிகிறதா?

பட்டறைக்காரர் பழைய சைலன்சரை வெட்டி உள்ளே இருந்த அறைகளைக் காட்டினார். அதே நீளம், அதே அகலத்தில் புதிது செய்தார். முதலில் மாட்டியபோது சத்தம் அடக்கமாக இருந்தது, ஆனால் கரகரவென்று இருந்தது. ஆடாசிட்டியில் அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்று ஒன்று உண்டு. எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று மலை மலையாகக் காட்டும். அதில் சைஸ் என்ற இடத்தில் 16384 என்று வையுங்கள். 1024-ல் வைத்தால் 43 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும், 27-க்கும் 54-க்கும் வித்தியாசமே தெரியாது. 16384-ல் 2.7 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

எங்கள் படத்தில் 27, 54, 81 என்று கீழே உள்ள மலைகள் அழகாக இருந்தன. 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தேவையில்லாத கூட்டம். கிளாஸ் உல் கூடுதலாக வைத்து இறுக்கி அடைத்தார். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் இருந்த சிறு கசிவையும் அடைத்தார். மறுபடி ரெக்கார்டு செய்தோம். மேலே இருந்த கூட்டம் இறங்கியது, கீழே உள்ள மலைகள் அப்படியே நின்றன. கரகரப்பு போய், குரல் மட்டும் மிச்சம். ஒவ்வொரு தடவையும் மைக் அதே இடம், அதே அளவு, எஞ்சின் அதே சூடு. இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு செல்லாது.

ஒன்றை மறக்காதீர்கள். ஆடாசிட்டி காட்டும் டெசிபலும் சட்டம் சொல்லும் டெசிபலும் ஒன்று அல்ல. கம்ப்யூட்டரில் பூஜ்யம் என்பது டிஜிட்டல் ரெக்கார்டிங் தாங்கும் உச்ச அளவு. அதிலிருந்து எவ்வளவு கீழே என்றுதான் அது காட்டும். இரண்டு ரெக்கார்டிங்கை ஒப்பிட அது போதும். "என் வண்டி இத்தனை டெசிபல்தான்" என்று போலீஸ்காரரிடம் வாதாட உதவாது. அதேபோல லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் 27 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

என் கருத்து

பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இன்றைக்கே உங்கள் வண்டியின் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். பைல் பெயரில் வண்டி, தேதி, சூடா குளிரா, எத்தனை சுற்று என்று எழுதுங்கள். ஒரு காப்பி கம்ப்யூட்டரில், இன்னொன்று பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ இருக்கட்டும். 50 வருடத்துக்கு மேலான, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாத வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் சத்தத்துக்கு இடம் இல்லை. அதைக் காப்பாற்றுவது உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

கார் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டு பைக், மோட்டார் பம்ப், மிக்ஸி, சீலிங் ஃபேன், எல்லாமே பேசுகின்றன. நன்றாக இருக்கும்போது ஒரு தடவை ரெக்கார்டு செய்து வையுங்கள். நாளைக்கு ஏதோ மாதிரி இருக்கிறது என்று தோன்றினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவு இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் சவுண்ட் ரெக்கார்டிங், பைல் சேமிப்பது, பேக்கப் எடுப்பது என்று மூன்று வேலையும் பழகினது போல ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெரால்டு இப்போதும் கிளம்புகிறது. போன வாரம் ஓட்டியது பேரன். தெரு முனை திரும்பும் வரை எதிர் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திறக்கவில்லை. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.